பேட்டரி அண்ணையின் சட்டப்படியான டி.வி.

லண்டனில் உள்ள அத்தனை நீதிபதிகளையும்விட அந்த ஊர்ச் சட்டத்தை அதிகமாக மதித்தவர் எங்கள் பேட்டரி அண்ணைதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பல்கலைக்கழக ஹாஸ்டலில் நான் மதுரைக்காரன், பக்கத்து அறை அண்ணை யாழ்ப்பாணம். அந்த ஊரில் டி.வி. பார்க்கவே வருடா வருடம் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும்; ஹாஸ்டலில் அறைக்கு அறை தனி லைசென்ஸ். அதற்குப் பயந்து நான் டி.வி.யே வாங்கவில்லை. அண்ணை விதியைக் கடைசி வரி வரை படித்து ஒரு சந்து கண்டுபிடித்தார். வீட்டில் லைசென்ஸ் இருந்தால், பேட்டரியில் ஓடும் சின்ன டி.வி.யை ஹாஸ்டலில் வைத்துக்கொள்ளலாம். பிளக்கில் சொருகினால்தான் குற்றம். அண்ணைக்கு வீடு என்பது கோலியர்ஸ் வுட்டில் இருந்த அக்கா வீடு. அங்கே லைசென்ஸ் இருந்தது.

பேட்டரி தீர்ந்தால் நம்மூரில் வெயிலில் காயவைப்போம். லண்டனில் வெயிலுக்கு எங்கே போவது? ஹீட்டர் மேல் வடகம் காயப்போட்டதுபோல வரிசையாக அடுக்கிவிடுவார்.

ஒருநாள் கையில் அட்டையோடு ஒரு வெள்ளைக்காரர் கதவைத் தட்டினார். லைசென்ஸ் சோதிக்க வந்தவர் என்று நினைத்து, அவர் வாய் திறக்குமுன் அண்ணை டி.வி.யைக் கவிழ்த்து, முதுகு மூடியைக் கழற்றிக் காட்டினார். “ஒன்லி பற்றரி, சேர்! அக்கா ஹேவ் லைசென்ஸ்!”

வந்தவர் ஹீட்டர் ரிப்பேர்காரர். ஹீட்டர் மேல் இருந்த பேட்டரிகளைப் பார்த்தவர், வந்த வேலையை மறந்து திரும்பிப் போய்விட்டார்.

“ஏண்ணே இப்படிப் பயப்படுறீங்க? ஊரே திருட்டுத்தனமாத்தானே பாக்குது!”

“உனக்கென்ன தம்பி, நீ விசாவில வந்தனி. என்ர அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. ஒரு சின்னப் பிழை பிடிச்சாலும் போச்சு. கேஸ் வெண்டாத்தான் அம்மாவைக் கூப்பிட ஏலும்.”

அதற்குப் பிறகு கேலியை நிறுத்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். கொஞ்சம் குறைத்தேன்.

ஒரு மாலை செய்தியில், அடுத்து யாழ்ப்பாணம் என்றார்கள். ஊரோடு போன் தொடர்பே இல்லாத நேரம். அம்மா இருக்கிறாரா என்றுகூட அண்ணைக்குத் தெரியாது. பொது அறை டி.வி.யில் கால்பந்து, சேனலை மாற்றினால் உதைதான் விழும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணையின் டி.வி.யில் படம் சுருங்கிப் புள்ளியாகி அணைந்தது. ஹீட்டரும் பழுதாகிக் குளிர்ந்து கிடந்தது.

நான் ஓடிப்போய் என் டேப் ரிக்கார்டர் வயரைக் கொண்டுவந்தேன். அண்ணை பிளக்பாயிண்டை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்திருந்தது.

“வேண்டாமடா. இண்டைக்கு அம்மாவைப் பாக்கப் போய், பிறகு கூப்பிடவே ஏலாமல் போயிடும்.”

“சரி, பேட்டரியக் கழட்டுங்க!”

ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டோம். இரண்டு பட்டதாரிகள் அடைகாக்கும் கோழிகளாக உட்கார்ந்திருந்தோம். திரும்பப் போட்டதும், கடவுளே, படம் வந்தது! ஒரு கோயில் வாசல், சாப்பாட்டுக்கு நிற்கும் வரிசை. அண்ணை திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாகத் தேடினார். மறுபடி அணைந்தது.

“அம்மாவைக் காணேல்லை. ஆனா சனம் நடமாடுது, பாத்தியே?” என்றார்.

அண்ணை கேஸில் வென்றார். சில வருடம் கழித்து ஹவுன்ஸ்லோவில் அவர் வீட்டுக்குப் போனேன். சுவர் பிளக்கில் சொருகிய பெரிய டி.வி. சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டிய லைசென்ஸ். சோபாவில் அம்மா! சேனல் மாற்ற ரிமோட்டை எடுத்தால், முதுகு காலி. ஜன்னலோரம் விழுந்த துளி வெயிலில் அதன் பேட்டரிகள் காய்ந்துகொண்டிருந்தன.

“அம்மாவின்ர வேலை,” என்றார் அண்ணை, பெருமை தாங்காமல்.

இன்றும் என் வீட்டில் பேட்டரி தீர்ந்தால் தூக்கிப்போட மனம் வராது. கக்கத்தில் இடுக்கிக்கொள்வேன். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அண்ணையை நினைத்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பேன்.