வான்கோழிக்குப் பதிலாக ஒருவன்

அந்த வருடம் கிறிஸ்மஸ் என்கிற நத்தார் விருந்தை எங்கள் வீட்டில் நடக்கவிடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

நகரத்தின் ஒரு கோடியில் ஸ்காபரோவில் குடியிருந்து மறுகோடியில் மிசிசாகாவில் வேலை செய்கிறவனுக்கு, நத்தார் என்பது சோபாவில் படுக்கக் கிடைத்த ஒரே நாள். விருந்து நம் வீட்டில் என்றால் அது போச்சு. கார்கள் நிற்க வாசலில் பனி வழிக்க வேண்டும். பேஸ்மன்ர் நிலவறையிலிருந்து கதிரைகளைத் தூக்கிவர வேண்டும். எல்லோரும் போனபின் சட்டிகளோடு நான் தனித்து நிற்க வேண்டும். அதே விருந்து என் மனைவி கிளடிஸின் அண்ணன் சீமோனுடைய மிசிசாகா வீட்டில் என்றால், சாப்பிட்டு ஏவறை விட்டுக்கொண்டு திரும்பலாம்.

ஆனால் இம்முறை எங்கள் முறை.

எங்கள் குடும்பத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வான்கோழி எங்கே வேகிறதோ, விருந்து அங்கே. எங்கள் வீட்டில் வான்கோழி இல்லை என்றால், விருந்து தானாகவே மிசிசாகாவுக்குப் போய்விடும்.

அப்படியானால் பதிலுக்கு எதைச் சொல்வது? பொறுமையாக ஆராய்ந்தேன். தாரா வாத்து? சீமோனுக்குத் தாரா என்றால் உயிர். ஆட்டுக்கால்? வாசத்துக்கே மில்லிக்கனில் இருக்கும் சொந்தமெல்லாம் வந்துவிடும். மீனும் நண்டும் போட்ட கூழ்? பனிப்புயல் அடித்தாலும் வருவார்கள். எனக்கு வேண்டியது, பெயரைக் கேட்டதும் ஒருவரும் கோட்டை எடுத்து மாட்டாத சாப்பாடு.

கண்டுபிடித்தேன். இடியப்பமும் சொதியும். எல்லா வீட்டிலும் வாரத்தில் பாதி நாள் இரவில் அதுதான். அதற்காக யார் பனியில் கார் ஓட்டுவார்?

கிளடிஸிடம் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. கடையில் இதுவரை காணாத காயொன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவளைப் போல என்னைப் பார்த்தாள்.

"அவ்வளவு பேருக்கும் ஆர் புழியிறது?"

நடக்காத விருந்துக்கு வீரம் காட்டச் செலவில்லை. "நான்தான்."

"நீங்களோ?"

"ஓம். உம்மட அண்ணைக்குப் போன் பண்ணிச் சொல்லும்."

"உள்ளதை உள்ளபடி சொல்லட்டோ?"

"ஒண்டும் விடாமல் சொல்லும்."

சொன்னாள். சீமோனுக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு வீட்டுக்கும். என்னவாம் என்று கேட்டேன். யோசிக்கினமாம் என்றாள், என்னைப் பார்க்காமல். சோபாவுக்கு ஒரு புதுத் தலையணை வாங்கினேன்.

நத்தாரன்று மத்தியானம் வாசலில் கார்க் கதவுகள் அடித்துச் சாத்தும் சத்தம். எட்டிப் பார்த்தேன். சீமோன் குடும்பம். மில்லிக்கன் குடும்பங்கள். எங்கள் கலியாணத்துக்கே வராத ஒரு மாமாவும் வழிக்காத பனியில் வழுக்கி வழுக்கி வந்துகொண்டிருந்தார். சீமோனின் தோளில் வீடியோ கமரா.

கிளடிஸைக் குசினிக்குள் அடுப்புப் பக்கமாக இழுத்தேன்.

"அண்ணைக்கு என்ன சொன்னனீர்?"

"இடியப்பம் எண்டு சொன்னன். உதுக்கு ஆர் வருவினம், நீங்கள் இஞ்ச வாங்கோ எண்டார்."

என் திட்டம் பலித்திருக்கிறது. "பிறகு?"

"பிறகு மிச்சத்தையும் சொன்னன். இவர்தான் புழியப் போறார் எண்டு. அண்ணை உடன கமரா எங்க எண்டு வீட்டில கேட்டார். பிறகு, கட்டாயம் வாறம் எண்டார். எல்லாரும் அப்பிடித்தான்."

"கடையில வாங்குவமே?"

"நத்தாருக்குக் கடை பூட்டு. மா வறுத்து வைச்சிட்டன். தண்ணி கொதிக்குது."

மா பிழியும் இடியப்ப உரலைக் கையில் தந்தாள். குசினி சின்னது, எல்லோரும் பார்க்க முடியாது என்று என்னைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோனார்கள். முதல் பிழியலில் மா வரவில்லை. இரண்டாவதில் உரலின் மேல்பக்கத்தால் வந்தது. சீமோனின் மகள் ஸ்டெபனி கதிரையில் ஏறி நின்று, "மாமா, அகெய்ன், அகெய்ன்" என்றாள்.

"மச்சான், முகத்தைக் கொஞ்சம் இஞ்சால திருப்பும்," என்றார் சீமோன்.

திருப்பினேன். சுற்றிவரச் சொந்தம் முழுவதும் தட்டோடு நின்றது. மேசை நடுவில், வேர்த்துச் சிவந்து, வான்கோழி இருக்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன்.