லிட்டருக்குப் பதினேழு

கார் திரையில் இருபத்தொன்று என்று இருந்ததைப் பவுல்துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இருபத்தொன்றுதான்.

போன மாதம் வரை லிட்டருக்கு இருபத்தாறு கிலோமீட்டர் கொடுத்த வண்டி. பெட்ரோல் பாதி, பேட்டரி பாதி என்று ஓடும் ஹைபிரிட் கார். அதை ஓட்டுவது அவர் மனைவி ஃப்ளோரன்ஸ். ஆரணிப் பட்டுச் சேலைகளை டிக்கியில் அடுக்கிக்கொண்டு போளூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய் விற்கிறவள். பவுல்துரைக்கு வந்தவாசியில் ஆபீஸ். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவார். காரோடு அவருக்கு இருந்த ஒரே சகவாசம், சேவூர் வீட்டு வாசலில் நிற்கும்போது உள்ளே உட்கார்ந்து மைலேஜ் பார்ப்பதுதான்.

"ஃப்ளோரன்ஸ், வண்டிய இன்னா ஸ்பீடுல ஓட்ற?"

"அம்பதுதாங்க."

"அப்புறம் ஏன் மைலேஜ் எறங்குது?"

"அத வண்டியத்தான் கேக்கணும்" என்று அவள் வெங்காயத்தை நறுக்கினாள். கத்தி கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது.

பவுல்துரை முதலில் பெட்ரோல் பங்க்கைச் சந்தேகப்பட்டு வேறு பங்க்குக்கு மாற்றினார். இருபதாயிற்று. டயரைச் சந்தேகப்பட்டுக் காற்றடித்தார். பத்தொன்பதாயிற்று. கடைசியில் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். ஹைபிரிட் வண்டி மெதுவாகப் போனால் மோட்டாரே இழுத்துக்கொண்டு போகுமாம். பிரேக் போட்டால் பேட்டரி ஏறுமாம். தொண்ணூறு, நூறு என்று விரட்டினால் மட்டும் பாரமெல்லாம் இன்ஜின் தலையில். எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டிப் பெட்ரோலைக் குடித்துத் தீர்க்குமாம்.

அப்படியானால் இவள் விரட்டுகிறாள்.

சோதித்துவிடலாம் என்று, ஐம்பதைத் தாண்டினால் சத்தம் போடும்படி காரில் செட் பண்ணி வைத்தார். மறுநாள் ஃப்ளோரன்ஸ் நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு இறங்கினாள்.

"இன்னாத்த பண்ணி வெச்சீங்க? காலையிலருந்து கீ கீன்னு கத்திகினே வருது. ஒரே பேஜாரு!"

"காலையிலருந்தா?"

அவள் சட்டென்று பேச்சை மாற்றினாள். "காப்பி குடிக்கிறீங்களா?"

பவுல்துரை காப்பியை வாங்கி அப்படியே வைத்தார். சேலை விற்கப் போகிறவளுக்கு அப்படி என்ன அவசரம்? அவசரமாகப் போகிறவள் சீக்கிரம் திரும்ப வேண்டாமா? முன்னெல்லாம் மத்தியானமே வந்துவிடுவாள். இப்போது இருட்டுகிற நேரம் ஆகிறது. வேகத்தில் மிச்சம் பிடிக்கிற நேரத்தை எங்கே, யாரோடு செலவு செய்கிறாள்?

பக்கத்து வீட்டு ராமதாஸிடம் பைக் கேட்டார்.

"எதுக்கு சார்?"

"ஒரு எழவு வூடு."

"யாரு போயிட்டாங்க?"

"இன்னும் தெரியல" என்று சொல்லிவிட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

ஆபீஸுக்கு லீவு சொல்லியாயிற்று. வழக்கம்போல டிபன் பாக்ஸோடு பஸ் ஸ்டாண்டு வரை போய், பின்பக்கமாக வெளியே வந்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒரு டீக்கடை ஓரம் நின்றார். கார் வந்தது. போளூர் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவள் வந்தவாசி ரோட்டில் திரும்பினாள்.

பவுல்துரை பைக்கை உதைத்துக் கிளப்பினார். வந்தவாசியா? நான் வேலை பார்க்கிற ஊரிலேயேவா?

அந்த ரோட்டில் காலை பஸ் ஓடுவதில்லை, பறக்கும். புழுதியைக் கிளப்பிக்கொண்டு முன்னால் அது போக, பின்னால் காரும் பறந்தது. பஸ் நின்றபோது காரும் ஓரங்கட்டியது. பஸ் கிளம்பியதும் அதுவும் சீறியது. ராமதாஸின் பைக் பாதி வழியில் இருமி இருமி நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் திரையில் பதினேழு.

ஃப்ளோரன்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னிக்கி ஆபீஸ் போனீங்களா?"

"போகாம? நீ போளூர்ல நல்லா வித்தியா?"

"விக்காம?"

இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ரசம் சாதம் சாப்பிட்டார்கள். ஜெபத்தை அன்றைக்கு வேகமாக முடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் பவுல்துரை நல்ல பைக்காக ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அடையாளம் தெரியாதிருக்க, கொளுத்தும் வெயிலில் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டார். இன்றைக்கு விடுவதில்லை. காரின் முதுகை ஒட்டியே போனார். கண்ணாடியில் ஃப்ளோரன்ஸ் திரும்பத் திரும்பப் பார்ப்பது தெரிந்தது. திடீரென்று கார் கத்திக்கொண்டே பஸ்ஸைத் தாண்டிப் பாய்ந்தது. அவரும் முறுக்கினார். அடுத்த ஊர் எல்லையில் அது சடாரென்று ஒடித்து ஒரு வளாகத்துக்குள் நுழைந்தது. பவுல்துரையும் அதே வேகத்தில் நுழைந்து, வண்டியைப் போட்டுவிட்டுக் கத்தினார்:

"எங்கடா அவன்?"

அது போலீஸ் ஸ்டேஷன்.

ஃப்ளோரன்ஸ் காரைவிட்டு இறங்கி ஓடி ஏட்டம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். "இவன்தாங்க மேடம்! நேத்திலருந்து என்னத் தொரத்திகினு வரான்!"

ஏட்டு பாஞ்சாலை அவர் கழுத்துப் பட்டையைப் பிடித்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். வியர்வையில் குளித்த முகம் வெளியே வந்தது.

"ஏங்க!" என்று ஃப்ளோரன்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இவர உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க வீட்டுக்காரரு மேடம்."

பவுல்துரைக்கு மானம் போன பிறகு தைரியம் வந்தது. "நல்லா கேளுங்க மேடம். போளூர் போறேன்னு பொய் சொல்லிட்டு இவ எதுக்கு டெய்லி இந்த ரோட்ல வரா? அம்பதுன்னு சொல்லிட்டு நூறுல பறக்குறா! இருபத்தாறு குடுத்த வண்டி பதினேழு குடுக்குது! யாரப் பாக்க இந்த ஓட்டம்?"

ஃப்ளோரன்ஸ் தரையைப் பார்த்தாள். பவுல்துரையின் குரல் உடைந்தது. "சொல்லு ஃப்ளோரன்ஸ். யாருன்னு மட்டும் சொல்லிடு. நான் தாங்கிக்கிறேன்."

வெளியே காலை பஸ் அலறிக்கொண்டு கடந்து போனது. பாஞ்சாலை அவருடைய காலரை விட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இந்தம்மாவ நாங்க போன வாரமே விசாரிச்சிட்டோம் சார். ஒரு கார் டெய்லி பஸ்ஸத் தொரத்திகினு வருதுன்னு அந்த டிரைவரு வந்து சொன்னாரு. புடிச்சுக் கேட்டா, பஸ்ல போற வூட்டுக்காரரு எங்க எறங்குறாரு, யாரப் பாக்குறாருன்னு தெரிஞ்சிக்கத்தான் வரேன்னாங்க!"