ஒல்லி லேப்டாப்பும் ஓயாங் மேடம் வீட்டுக் கல்யாணமும்

என் மனைவியின் குண்டு லேப்டாப்பை வீட்டை விட்டே துரத்துவது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெடுத்தேன்.

வேறு எவனாவது தன் வீட்டில் இரண்டரைக் கிலோ லேப்டாப்பைச் சகித்துக்கொள்ளலாம். நான் எப்படிச் சகிப்பேன்? நான் ஷென் போசெங். தைபேயில் ஒரு லேப்டாப் கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவின் தலைவன். பத்தரை மில்லிமீட்டர் தடிமனில் ஒன்று செய்திருக்கிறேன். மூடி வைத்தால் மேசைமேல் இருக்கிறதா என்று தடவித்தான் பார்க்க வேண்டும்.

ஒல்லியாக்குவது விளையாட்டல்ல. கேபிள் சொருகும் பெரிய போர்ட் ஒன்று வைத்தால், அதன் உயரத்துக்கு லேப்டாப்பின் உடம்பும் உயர வேண்டும். அதனால் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். புரொஜெக்டருக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. போனது. பழைய யூ.எஸ்.பி. போனது. மெமரி கார்டு சொருகும் இடமும் போனது. மிஞ்சியவை இரண்டே இரண்டு சின்னத் துளைகள். ஒன்று சார்ஜுக்கு. மற்றது மீதி உலகத்துக்கு.

என் மனைவி வான்ரோங் கல்யாண வீடியோ எடுப்பவள். காலையில் எடுத்ததை அங்கேயே வெட்டி ஒட்டி, மதிய விருந்தில் திரையில் ஓட்டிக் காட்டிவிடுவாள். என் படைப்பை முதலில் அவள் கையில்தான் கொடுத்தேன்.

"கையில எடுத்தா சுகமாத்தான் இருக்கு. இதுல கார்டை எங்கங்க சொருகறது?"

"அடாப்டர்ல."

"புரொஜெக்டர் கேபிளை?"

"அதுவும் அடாப்டர்லதான்."

"அடாப்டரை எங்க வச்சுக்கறது?"

"பையில."

"அப்ப லேப்டாப் இளைக்கலை, என் பைதான் பெருத்திருக்கு. பாதி லேப்டாப்பைப் பிச்சு என் பையில போட்டுட்டு, ஒல்லியாக்கிட்டேன்னு பெருமை வேற!"

"தோள் வலிக்குதுன்னு தைலம் தேய்க்கச் சொல்றது யாரு?"

"நல்லாத் தேய்ங்க. விரலாவது உரமாகும்."

துளைகளைக் குறைத்தவனை இப்படித்தான் மூன்று மாதமாகத் துளைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை என் ஒல்லிக்கு அனுமதி கொடுக்கும் கூட்டம். முடிவு எங்கள் இயக்குநர் ஓயாங் மேடம் கையில். பெயர் ஓயாங், பேச்சும் ஓயாது. அந்த ஞாயிறு அவர் மகனுக்குக் கல்யாணம், வீடியோ வான்ரோங். முந்நூறு பேர் முன்னால், மேடம் கண்ணெதிரே என் லேப்டாப்பில் படம் ஓடினால்? வியாழக்கிழமை கூட்டமே தேவைப்படாது!

வான்ரோங் குளிக்கப் போன நேரத்தில் குண்டை எடுத்து வாஷிங் மெஷினுக்குள் ஒளித்தேன். பையில் ஒல்லியை வைத்தேன், பக்கத்தில் அடாப்டர். எடையில் அவள் கண்டுபிடித்துவிடக் கூடாதே!

"பையை நானே தூக்கிட்டு வரேம்மா."

"என்னங்க, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கீழே வந்ததும், "மாத்து ஷூ எடுத்துட்டு வந்துடறேன்" என்று மறுபடி மாடி ஏறினாள். ஒரு துணிப்பையோடு திரும்பினாள்.

எங்கள் ஊர் வழக்கப்படி, பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளையைத் தண்டால் எடுக்கவைத்தார்கள். பிறந்த வீட்டுக் கோபதாபங்களை அங்கேயே விட்டுப் போவதாக, கிளம்பிய காரிலிருந்து மணப்பெண் விசிறியைத் தெருவில் எறிந்தாள். வான்ரோங் ஒன்றும் விடாமல் எடுத்தாள். ஹோட்டலுக்கு வந்து பையைத் திறந்தாள். ஒல்லியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மாத்திட்டீங்களா?"

"சும்மா... ஒரு இன்ப அதிர்ச்சி."

"சரி."

அவ்வளவுதான் சொன்னாள். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் ஒற்றைச் சொல்லோடு நிறுத்தியதே இல்லை. அப்போதே நான் ஓடியிருக்க வேண்டும்.

வேலை வேகமாகவே நடந்தது. என் ஒல்லியைக் குறை சொல்ல முடியாது. ஹோட்டல் கேபிள்தான் மலைப்பாம்பு மாதிரி இருந்தது. அதை அடாப்டரில் மாட்டியதும் அடாப்டர் தொங்கியது, லேப்டாப் நகர்ந்தது, திரை நீலமானது. நான் மேசைக்கடியில் புகுந்து அடாப்டரை ஏந்திப் பிடித்தேன். படம் வந்தது. அசையாமல் இருக்கும்வரை ஓடியது. அடாப்டரோ சூடேறிக்கொண்டே போனது. முட்டை வைத்திருந்தால் வெந்திருக்கும்.

திரையில் மணப்பெண் விசிறியை ஓங்கினாள். லாப்ஸ்டர் தட்டுகளோடு வந்த தள்ளுவண்டி கேபிளில் உரசியது. மறுபடி நீலம்.

முந்நூறு பேரும் ஒரே குரலில் "அடடா!" என்றார்கள். ஓயாங் மேடம் எழுந்து வந்தார். நான் மேசைக்கடியிலேயே குடியிருந்துவிடலாமா என்று யோசித்தேன்.

வான்ரோங் நிதானமாகத் துணிப்பையைத் திறந்தாள். உள்ளே ஷூ இல்லை. குண்டு! முடித்த படத்தை முன்பே கார்டில் போட்டு வைத்திருந்தாள். கார்டைச் சொருகினாள், கேபிளை மாட்டினாள். இரண்டே 'டக்'. விசிறி தெருவில் விழுந்தது. கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

"ஷூன்னு சொன்னியே?" என்று முனகினேன்.

"குளிச்சுட்டு வந்து துணி போடலாம்னு மெஷினைத் திறந்தேன். எனக்கு முன்னாடியே நீங்க போட்டிருந்தீங்க."

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு ராஜினாமாக் கடிதத்தோடு போனேன். மேடம் எழுந்து நின்று கையைக் குலுக்கினார்.

"போசெங், எவ்வளவு நேர்மை உங்களுக்கு! நீங்களே வேணும்னுதான் லேப்டாப்பை மாத்தி வச்சீங்கன்னு உங்க மனைவி சொன்னாங்க. சொந்த டிசைனோட குறையை முந்நூறு பேர் முன்னால காட்ட யாருக்கு மனசு வரும்?"

வான்ரோங் பொய் சொல்லவில்லை. நான் வேண்டுமென்றேதான் மாற்றினேன். என் மார்பு விரிந்தது. கடிதத்தைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன்.

"கடமை, மேடம்."

"பதினஞ்சு மில்லிமீட்டர். எச்.டி.எம்.ஐ., கார்டு, ஒரு பழைய யூ.எஸ்.பி. நெட்வொர்க் கேபிளுக்குத் துளை வேண்டாம், யாரும் தொடறதில்லை. எடை மட்டும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது, தோள் பாவம்."

"இவ்வளவு கச்சிதமா யார் மேடம் கணக்குப் போட்டது?"

"ரெண்டு மாசம் முன்னாடியே ஒருத்தங்க எழுதிக் கொடுத்தாங்க. எங்க டிசைன் தலைவர் ஒத்துக்கணுமேன்னு கேட்டேன். 'கல்யாணம் முடியட்டும், தானா ஒத்துக்குவாரு'ன்னாங்க. அவங்களையே ஆலோசகரா எடுத்துட்டோம். இனி எந்த வரைபடமும் அவங்க கையெழுத்து இல்லாம நகராது."

கதவு திறந்தது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு வான்ரோங் வந்து, எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் பெண்டாட்டி என்று அந்த அறையில் எல்லோரிடமும் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

பதினைந்து மில்லிமீட்டர் பிரமாதமாக அமைந்தது. கார்டு உள்ளே போய் விளிம்போடு விளிம்பாக நிற்கும் அழகை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆசை யாரை விட்டது? பதினாலரை ஆக்கலாமா என்று ஆலோசகருக்கு முறைப்படி ஒரு கடிதம் அனுப்பினேன். ஓயாங் மேடத்துக்கும் நகல் வைத்துப் பதில் வந்தது: "நிராகரிக்கப்படுகிறது. வரும்போது ஒரு டஜன் முட்டை வாங்கி வரவும்."