இரும்பனுக்காக அழுதவள்

நான் கூலிக்கு அழுகிறவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. டி.வி.யில் ஓடும் வெளிநாட்டு கார்ட்டூன்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பது என் தொழில். சின்னப் பையன்களுக்குப் பெரும்பாலும் பெண்கள்தான் பேசுவோம். ஆகவே நாற்பதை நெருங்கும் நான், பதினாலு வயதுப் பையனாக இருந்துதான் சம்பாதிக்கிறேன். அழச் சொன்னால் அழுவேன், விக்கச் சொன்னால் விக்குவேன். மூக்கை உறிஞ்சுவதில் மட்டும் எனக்கு மூன்று வகை தெரியும். (நான்காவது ஒன்று உண்டு. அது நிஜமாகவே ஜலதோஷம் பிடித்தால்தான் வரும்.)

இப்பேர்ப்பட்டவள், பெற்ற அப்பாவின் சாவில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

வேண்டுமென்று செய்யவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். கீழ்க்கட்டளையில் எங்கள் வீட்டு ஹாலில் ஃப்ரீஸர் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். நான் வாசலுக்கும் சமையலறைக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். நாற்காலி போதவில்லை, தண்ணீர் கேன் வரவில்லை, ஷாமியானாக்காரர் எதிர்வீட்டு கேட்டை மறைத்துக் கட்டிவிட்டார். துக்கத்துக்கு வந்தவர்களையெல்லாம் கல்யாண வீட்டில் வரவேற்பதுபோல "வாங்க, வாங்க" என்று வேறு கூப்பிட்டிருக்கிறேன். அப்பாவின் தங்கை கிரேஸ் அத்தை தாம்பரத்திலிருந்து வந்து, பெட்டியின் மேல் விழுந்து கதறி முடித்து, நிமிர்ந்தபோது நான் டீ தட்டோடு எதிரே நின்றேன்.

"ஏன்டி ரூபி, ஊருக்கெல்லாம் அழுவுற. பெத்த அப்பனுக்கு ரெண்டு சொட்டு வராதா உனக்கு?"

இதற்கு ஆயிரம் பதில் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "சர்க்கரை கம்மியாதான் போட்டிருக்கேன், எடுத்துக்குங்க அத்தை."

அத்தை பேசியதை விடுங்கள். அத்தை யாரைத்தான் பேசவில்லை? என்னை அரித்தது அம்மாதான். அடக்கம் முடிந்து வீடு திரும்பியதிலிருந்து அவள் என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். "பால் வந்துச்சா", "கேஸ் புக் பண்ணியா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அதையும் சுவரைப் பார்த்துக் கேட்பாள். எனக்குக் கல் நெஞ்சு என்று அவளும் முடிவு கட்டிவிட்டாள் என்று நினைத்தேன். ஊர் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும், அம்மா மட்டும் அப்படி நினைக்கக் கூடாதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதற்காக அவள் எதிரே உட்கார்ந்து வலிய அழுது காட்டவா முடியும்? (முடியும். வகை ஒன்றிலிருந்து மூன்று வரை கைவசம் இருந்தது. ஆனால் அப்பா விஷயத்தில் அதைச் செய்ய மனசு வரவில்லை.)

இந்த நிலையில்தான் வேலைக்குத் திரும்பினேன். ஸ்டுடியோ பம்மலில் இருக்கிறது. ஒரு காலத்தில் தோல் குடோனாக இருந்த கட்டடம். மழை பெய்தால் மைக்குக்குப் பக்கத்தில் இன்றும் செருப்புக் கடை வாசனை அடிக்கும். அப்போது நான் பேசிக்கொண்டிருந்தது ராட்சத ரோபோக்களின் ஓட்டப்பந்தயம் பற்றிய ஒரு தொடர். மூன்று ரோபோக்கள் ஓர் அணி. ஒவ்வொன்றின் மார்புக்குள்ளும் ஒரு பிள்ளை உட்கார்ந்து ஓட்டும். ஓர் அணியின் மூன்று ரோபோக்களும் கோட்டைத் தாண்டினால்தான் வெற்றி. ஒன்று நின்றாலும் போச்சு. என் பையனின் பெயர் வருண். அவன் ஓட்டும் ரோபோதான் இருப்பதிலேயே பழசு. அதற்குத் தமிழில் இரும்பன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அன்றைய எபிசோடில் மலைச் சரிவில் இரும்பன் விழுந்துவிடுகிறது. கூட்டாளிகள் இருவரும் முன்னே போய்விட்டார்கள். "அதை விட்டுட்டு வெளியே குதி" என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து உத்தரவு வருகிறது. வருண் குதிக்கவில்லை. அந்த இரும்பு நெஞ்சைத் தட்டித் தட்டி அழுகிறான். வசனம் சுலபம்தான்: "எழுந்திரு. தூங்காதே. இன்னும் கொஞ்ச தூரம்தான்."

முதல் டேக்கில் என்னுடைய இரண்டாம் வகையைப் போட்டேன். பல பேர் பாராட்டிய சரக்கு. டப்பிங் டைரக்டர் பாலு சார் ஹெட்போனில் வந்தார்.

"அழகா இருக்கு ரூபிம்மா. ஆனா அழுவுற மாதிரி இருக்கு. அழல. இன்னொண்ணு போலாமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவருக்குமா நான் அழுவது போதவில்லை? திரை மறுபடி ஓடியது. "எழுந்திரு" என்று ஆரம்பித்தேன். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று வந்தபோதுதான், இந்த வார்த்தைகளை இதற்கு முன் எங்கே சொன்னேன் என்பது உறைத்தது.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று வாடகைக் காரில்தான் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டிரைவர் பக்கத்தில் அம்மா. பின் சீட்டில் என் தோளில் சாய்ந்தபடி அப்பா. பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியதும் வண்டிகள் நகரவில்லை. "இன்னும் கொஞ்ச தூரம்தான்ப்பா, தூங்காதீங்க. எழுந்திருங்கப்பா, இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். குரோம்பேட்டையில் சொன்னேன், சானடோரியத்தில் சொன்னேன், ஆஸ்பத்திரி கேட்டில் திரும்பும்போதும் சொன்னேன். உள்ளே டாக்டர் பார்த்துவிட்டு, வரும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார். அப்படியென்றால் வழியில் எந்த இடத்திலிருந்து நான், தோளில் உயிர் போய்ச் சாய்ந்திருந்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்? இதை யாரிடமும் நான் சொல்லவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

பம்மலில், மைக் முன்னால், அது வெடித்தது. மூன்று வகையிலும் சேராத அழுகை. காட்சி முடிந்தது, நான் முடிக்கவில்லை. அடுத்த காட்சியில் எதிரணிக்காரன் சிரித்தான், நான் அழுதேன். விளம்பர இடைவேளைக்கான கறுப்புத் திரை வந்தது, அதற்கும் அழுதேன்.

"ஓகே ரூபிம்மா. சூப்பர். போதும்." கொஞ்சம் கழித்து, "போதும்மா." அதற்கப்புறம், "ரூபிம்மா, கேக்குதா?"

வில்லனுக்குப் பேசும் செல்வம் அண்ணா வெளியே தன் முறைக்காகக் காத்திருந்தார். கையில் சமோசாவோடு உள்ளே ஓடி வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது! மிஷினும்மா அது. கீழ வுழுந்துகீது, அவ்ளோதான். ரிப்பேர் பண்ணிக்குவானுங்க. இதுக்குப் போயி இப்டி அழுதுகினு கீறியே!"

என்ன செய்வதென்று தெரியாமல் சமோசாவை என் கையில் திணித்தார். அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று பாலு சார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இல்ல சார், சீன் நல்லா இருந்துச்சு" என்றேன். அவரும் நம்பிவிட்டார். முழு அழுகையையும் வைத்துக்கொள்ளப் போவதாகவும், பையன் வாய் மூடிய பிறகு வருவதை ஓட்டப்பாதைக் காட்சியின் மேல் ஓட்டிவிடுவதாகவும் சந்தோஷமாகச் சொன்னார். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன். அன்று இரவும் அம்மா சுவரைப் பார்த்து கேஸ் பற்றிக் கேட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் இது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

அப்பாவின் நினைவாக வீட்டில் ஒரு சாயந்திரம் ஜெபக் கூட்டம் வைத்தோம். ஹால் நிறையச் சொந்தக்காரர்கள். என் மகளும் மற்றப் பிள்ளைகளும் சத்தம் போடுகிறார்கள் என்று அவர்களைப் படுக்கையறையில் தள்ளி, டி.வி.யை மெதுவாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அந்த எபிசோடு அன்று வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எப்போது ஒளிபரப்புவார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. பாஸ்டர் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். நான் சமையலறை வாசலில் டீ தட்டோடு நின்றேன். (ஆம், மறுபடியும் டீ தட்டு. நமக்கு வாய்த்தது அது.) அந்த நேரம் பார்த்து உள்ளே ஏதோ ஒரு பிள்ளை ரிமோட்டின் மேல் உட்கார்ந்து, டி.வி. சத்தம் உச்சத்துக்கு ஏறியிருக்கிறது.

படுக்கையறையிலிருந்து என் அழுகை கிளம்பியது.

கிரேஸ் அத்தை மூடிய கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கினாள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே! எங்க ரூபி அழுதுட்டா!"

"தடுக்காதீங்கம்மா, அழட்டும்" என்றார் பாஸ்டர், அவரும் கண்ணை மூடியபடி. "ஆண்டவரே, இந்த மகளுடைய கண்ணீருக்காக உமக்கு நன்றி சொல்லுகிறோம்."

"ஆமென்" என்றது ஹால். நானும் பழக்கதோஷத்தில் ஆமென் என்றேன்.

என்னை அணைத்துத் தேற்றுவதற்காக அத்தை எழுந்தாள். எதிரே நான், வாயை மூடிக்கொண்டு, காய்ந்த கண்ணோடு. அத்தை என்னைப் பார்த்தாள், படுக்கையறையைப் பார்த்தாள். அங்கே நான் விம்மிக்கொண்டிருந்தேன். அத்தை போட்ட அலறலில் பாஸ்டர் துள்ளி எழுந்தார், தட்டை இடித்தார், ஏலக்காய் டீ மொத்தமும் அவருடைய வெள்ளை ஜிப்பாவில்.

எல்லோரும் படுக்கையறைக்குள் முண்டியடித்தார்கள். திரையில் ஒரு ராட்சத இயந்திரம் குப்புற விழுந்து கிடந்தது. என் மகள் கட்டிலின் மேல் நின்று பெருமையோடு அறிவித்தாள்: "எங்க அம்மாதான் அழுவுறாங்க! இரும்பன் விழுந்துட்டான்!"

"ரோபோவுக்கா?" என்றாள் அத்தை. "எங்க அண்ணனுக்கு வராத கண்ணீரு, இந்தத் தகர டப்பாவுக்கு வந்துச்சாடி உனக்கு?"

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். திரையில் என் குரல், "தூங்காதே, இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றது. அம்மா அதைக் கேட்டாள். பிறகு ரிமோட்டைத் தேடி எடுத்து டி.வி.யை அணைத்தாள்.

"கிரேஸ், சும்மா இரு. அவ ரோபோவுக்கு அழல."

"அண்ணி, நீங்களே பாத்தீங்கல்ல..."

"அன்னிக்கு கார்ல நான் முன் சீட்ல இருந்தேன். பல்லாவரத்துலேர்ந்து இதையேதான் சொல்லிட்டு வந்தா. குரோம்பேட்டைல நான் திரும்பிப் பாத்தேன். அவர் போயிட்டார்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிடுச்சு. இவகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. சொல்லிட்டே வரட்டும்னு விட்டுட்டேன்." அடக்கத்துக்குப் பிறகு அம்மா முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "அதுக்கப்புறம் உன் மூஞ்சியப் பாக்க எனக்கு முடியலடி."

அந்த இடத்தில் நான் அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன் என்று எழுத ஆசைதான். அழுகை அன்றும் வரவில்லை. பாஸ்டரின் ஜிப்பாவைத் துடைக்கத் துண்டு தேடிக்கொண்டு போனேன். அம்மா பின்னாலேயே வந்து துண்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ கொஞ்ச நேரம் உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன்.

குடும்பத்தில் இது இப்போது பெரிய கதை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் அத்தை ஆரம்பித்துவிடுவாள், பாஸ்டரின் ஜிப்பாவோடு சேர்த்து. "நான் செத்தா நீ நேர்ல அழ வேணாம்டி, ரெக்கார்ட் பண்ணி அனுப்பிடு" என்பாள். அந்தத் தொடரைச் சானல்காரர்கள் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். இரும்பன் விழுகிற நாள் நெருங்குவது அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிடும். தாம்பரத்துக்குப் போன் போடுவாள். "கிரேஸ், இன்னிக்கு ரூபி அழுவுறா. டி.வி.யப் போடு." அவள் இங்கே, அத்தை அங்கே, போனைக் காதில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பேசாமல் அழுவார்கள்.

போன வாரமும் நடந்தது. எல்லாம் ஆனபின், அத்தை மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டது எனக்கே கேட்டது: "ஏன் அண்ணி, கடைசியில அது எழுந்துச்சா இல்லையா?"

"தெரியாது" என்றாள் அம்மா. "அதுக்குள்ள நான் டி.வி.ய அணைச்சிடுவேன்."

"நானுந்தான்" என்றாள் அத்தை.

எனக்குத் தெரியும். மீதி எபிசோடுக்கும் நான்தானே பேசினேன். ஆனால் இதுநாள்வரை இரண்டு பேரும் என்னிடம் கேட்டதில்லை.