அறிவிப்பு முறைச் செவிலியம்

மருத்துவ உலகின் மகத்தான கண்டுபிடிப்புகள் மூன்று. முதலாவது மயக்க மருந்து. இரண்டாவது தடுப்பூசி. மூன்றாவதைக் கண்டுபிடித்தவன் அடியேன். முன்னவர்கள் இருவரும் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது.

நான் ஒரு செவிலியர் கல்லூரியில் ‘பயிற்சிப் புதுமைப் பிரிவின்’ தலைவர். எங்கள் செய்முறைத் தேர்வு அறையில் ஒரு கட்டில், அதன்மேல் ஒரு ரப்பர் நோயாளி, மூலையில் கை கழுவும் தொட்டி எல்லாம் உண்டு. தொட்டியில் தண்ணீர் மட்டும் வராது. பொறியாளரைக் கேட்டேன்.

“குழாய் போட்டாச்சு சார். தண்ணி எங்க வேலை இல்ல, அது வேற பிரிவு” என்றார்.

தேர்வுக்கு இரண்டே நாள். அந்த மத்தியானம்தான் எனக்கு ஞானம் பிறந்தது. மாணவி கை கழுவ வேண்டாம். ‘கை கழுவிவிட்டேன்’ என்று உரக்க அறிவித்தால் போதும், ஒரு மதிப்பெண்!

கல்லூரி முதல்வர் அம்மா கமிட்டியைக் கூட்டினார்.

“கழுவலேன்னா கிருமி எப்படிப் போகும்?” என்று ஒரு மூத்த சிஸ்டர் கேட்டார்.

“பொம்மைக்கு ஏது சிஸ்டர் கிருமி?” என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். சிஸ்டர் தட்டவில்லை. அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறவர் என்பதால் அவருடைய கேள்வியைக் கூட்டக் குறிப்பில் ஏற்றவில்லை.

தண்ணீரோடு நின்றுவிடுமா புதுமை? திரையை இழுப்பது, பெயரைச் சரிபார்ப்பது, ஊசியைக் குத்துவது, எடுப்பது, கடைசியாக வலிக்கிறதா என்று கேட்பது, ஆகப் பதினான்கு படிகளையும் ‘அறிவிப்பின்’ கீழ் கொண்டுவந்தேன். இருபது நிமிஷத் தேர்வு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. தேர்வாளர் கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்து, மைக்கில் வருவதைக் கேட்டு டிக் அடிப்பார். நிமிர்ந்து பார்க்கிற சிரமம்கூட இல்லை. நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் தேறினார்கள்.

தேறாத ஒருத்திக்குப் பட்டப்பெயர் ‘அமைதி’. வார்டுச் சுவரில் தொங்கும் ‘அமைதி காக்கவும்’ பலகையிலிருந்து சக மாணவிகள் எடுத்த பெயர். இந்தப் பெண் தேர்வறைக்குள் வந்தாள், வறண்ட குழாயைத் திருகிப் பார்த்தாள், வெளியே போய்விட்டாள். நடைபாதைக் கோடியில் தண்ணீர் வருகிற குழாயில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. பூஜ்யம். இரண்டாம் தடவை ஓடிப்போய் ஓடிவந்தாள். திரையை இழுத்து, ரப்பர் கையைத் தடவி நரம்பைக் கண்டுபிடித்து, மருந்தையும் ஏற்றி முடித்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. மறுபடி பூஜ்யம்.

கூப்பிட்டுக் கண்டித்தேன்.

“மூணாவது தடவையும் கோட்டை விட்டா பேரை எடுத்துடுவாங்கம்மா. பெட்டியக் கட்ட வேண்டியதுதான்.”

“ஐயோ, வேணாம் சார். அக்கா தன்னோட கல்யாணத்தத் தள்ளிப்போட்டு என்னைப் படிக்க வைக்கிறா.”

“அப்ப செய்யறத வாய்விட்டுச் சொல்லேன். என்ன கஷ்டம்?”

“செய்யறப்போ கவனமெல்லாம் கையில போயிடுது சார். பேச்சு வரமாட்டேங்குது.”

“அப்ப செய்யாதே! சொல்லு!”

இதைவிடத் தெளிவாக ஓர் ஆசிரியன் எப்படிச் சொல்லிக்கொடுப்பான்?

அவளுடைய மூன்றாவது தேர்வன்று என் வயிற்றில் குடல்வால் கலகம் செய்தது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். அறுவை நன்றாக நடந்தது. டாக்டர்கள் இன்னும் பழைய வழக்கப்படி நிஜமாகவே அறுக்கிறார்கள். கண் விழித்தபோது எதிரே நின்றவள் என் திட்டத்தின் முதல் தங்கப் பதக்கம்.

“வணக்கம் சார். கை கழுவிவிட்டேன். திரையை இழுத்துவிட்டேன்.”

திரை கம்பியோரம் சுருண்டு கிடந்தது. எதிர்க்கட்டில்காரர் என் வயிற்றுக் கட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலிக்கிறதா என்று கேட்டுவிட்டேன்.”

“கேக்கலியேம்மா?”

“கேட்டாச்சு சார்” என்று டிக் அடித்தாள். உயிர் போகிற வலி. இருந்தாலும் அவளுடைய உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

நாலாம் நாள் டிஸ்சார்ஜ். வலது புறங்கையில் ட்ரிப்ஸ் ஏற்றிய ஊசி அப்படியே பிளாஸ்திரியோடு இருந்தது.

“சிஸ்டர், இத எடுக்கலியே?” என்று தங்கப் பதக்கத்தைக் கேட்டேன்.

“எடுத்தாச்சு சார். ‘ஊசியை அகற்றிவிட்டேன்’னு காலையிலேயே அறிவிச்சு எழுதிட்டேன். நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே?”

ஆட்சேபித்தால் என் திட்டத்தை நானே எதிர்த்ததாகாதா? வீட்டுக்கு வந்தேன்.

“கையில என்னங்க அது?” என்றாள் மனைவி.

“ஒண்ணுமில்ல. எடுத்தாச்சு.”

“எடுத்தாச்சா? கண்ணு முன்னால ஆடுது!”

“ரெக்கார்டுல எடுத்தாச்சு.”

“அப்ப சாப்பாடும் போட்டாச்சு. ரெக்கார்டுல” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். படிக்காதவர்களோடு விவாதித்துப் பயனில்லை.

இரண்டு நாள் கழித்துக் கல்லூரிக்குப் போனேன். கை பணியாரமாக வீங்கியிருந்தது. மேஜையில் தேர்ச்சிப் பட்டியல். அமைதியின் பெயருக்கு எதிரே தேர்வாளர் எழுதியிருந்தார்: ‘எல்லாம் செய்தார். ஒன்றும் சொல்லவில்லை. தேறவில்லை. பெயர் நீக்கலாம்.’ விதி என்றால் விதி. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வீங்கிய கையால் கையெழுத்துப் போட்டேன். பியூன் பட்டியலை எடுத்துக்கொண்டு மாடியிலிருக்கும் முதல்வர் அறைக்குக் கிளம்பினார்.

வெளியே பெஞ்சில் அமைதி முடிவுக்காகக் காத்திருந்தாள். எழுந்து வணக்கம் சொல்ல வந்தவள் என் கையைப் பார்த்துவிட்டாள். என்னைப் பெஞ்சில் உட்காரவைத்தாள். நடைபாதைக் கோடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். பையிலிருந்து பஞ்சை எடுத்தாள். பிளாஸ்திரியை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தாள். ஊசி வெளியே வந்தது எனக்குத் தெரியவேயில்லை. பஞ்சை வைத்து, ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“வலிக்குதா சார்?”

பதினாலாம் படி. ஆஸ்பத்திரியில் நாலு நாளும் மூன்று வேளை ‘கேட்டுவிட்டேன்’ என்றார்கள். கேட்டவள் இவள் ஒருத்திதான்.

பியூன் அப்போதுதான் மாடிப்படியில் கால் வைத்திருந்தார். பத்தடி தூரம். “ஏம்ப்பா, நில்லு!” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். முதல் படி ஏறினார். இரண்டாவது. மூன்றாவது. திருப்பத்தில் மறைந்தார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவாக, மைக் இல்லாமலே கேட்கும்படி அறிவித்தேன்:

“வெட்கப்பட்டுவிட்டேன்.”

எனக்கு முழு மதிப்பெண்.