ஹூஸ்போண்டி

சொல்லைப் பேசுவதற்கு வைத்திருப்பவர்கள் ஓர் இனம். தோண்டுவதற்கு வைத்திருப்பவர்கள் இன்னோர் இனம். இரண்டாம் இனத்துக்கு வேர்தோண்டி என்று பெயர். நீங்களும் பார்த்திருப்பீர்கள். தபால் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் சேர்வார், ஆங்கில மொழி வரலாறு என்ற ஒரே தாளைப் படிப்பார், மிச்சத் தாள்களை மூட்டை கட்டிவிட்டு, ஊரார் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் மண்வெட்டியோடு வழிமறிப்பார்.

திருப்பூர் நல்லூரில் பனியன் கம்பெனி ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்த தங்கதுரை அசல் வேர்தோண்டி. மெஸ்ஸில் "மட்டன் வைக்கட்டுங்களா?" என்று கேட்டால் போதும். ஆட்டை மேய்த்த சாக்சன்காரன் அதை ஷீப் என்றான், உட்கார்ந்து தின்ற பிரெஞ்சு எசமான் மட்டன் என்றான், ஆகவே இந்தக் கிண்ணத்தில் இருப்பது கறியல்ல, ஒரு படையெடுப்பு என்று அவர் முடிப்பதற்குள் பரிமாறுகிறவர் அடுத்த இலைக்குப் போயிருப்பார். தங்கதுரை ரசத்தோடு எழுந்திருப்பார். வருத்தமா? அதெல்லாம் இல்லை.

கட்டிங் மாஸ்டரிடம் போய், 'நைஃப்' ஆதியில் 'க்னீஃப்' என்பார்.

"எதா இருந்தாலும் துணிய வெட்டுனாச் சரிங்க" என்பார் மாஸ்டர்.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு பெண்ணைப் பிடித்துப்போயிற்று. மடத்துக்குளத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஈஸ்வரமூர்த்தியின் ஒரே மகள் மோனிஷா. ஒரே சிக்கல், மாப்பிள்ளை வீட்டோடு வந்துவிட வேண்டும் என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தங்கதுரைக்கோ திருப்பூரில் சொந்த யூனிட் போடும் கனவு. பெண்ணும் வேண்டும், யூனிட்டும் வேண்டும்.

"ஊட்டோட மாப்பிள்ளைங்கற பேச்சு வந்தா நான் பாத்துக்கறேன். நீ பஜ்ஜியத் தின்னுட்டுக் கம்முனு இரு கண்ணு" என்றார் அம்மா வேலாத்தாள், பெண் பார்க்கப் பேருந்தில் போகும் வழியெல்லாம்.

கம்மென்றுதான் இருந்தார். பஜ்ஜி தின்றார். மழையைப் பற்றிப் பேசினார்கள், தலையாட்டினார். எல்லாம் நல்லபடியாக முடியவிருந்த நேரத்தில் ஈஸ்வரமூர்த்தி மகளைப் பார்த்துச் சிரித்தார்: "கண்ணு, உன்ர ஹஸ்பண்டுக்கு இன்னொரு காப்பி குடு."

ஹஸ்பண்ட்! பசித்த பூனைக்கு முன்னால் கருவாட்டை ஆட்டலாமா?

"அந்தச் சொல்லே ஹூஸ்போண்டிதானுங்க" என்றார் தங்கதுரை.

பனியன் தொழிலில் இருக்கிறவன் வாயில் வரக்கூடிய சொல்லா அது?

"ஏனுங்க, யாரு போண்டியானது? உங்க கம்பெனியா?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"ஐயோ, இல்லீங்க! அந்தக் காலத்துப் பாசையில ஹூஸ்னா ஊடு. போண்டின்னா குடியிருக்கறவன். ஹஸ்பண்டுன்னாலே ஊட்டோட இருக்கறவன்னுதானுங்க அர்த்தம்!"

வேலாத்தாள் மகனின் காலை மிதித்தார். மிதிபட்ட காலோ பக்கத்தில் இருந்த தரகருடையது.

ஈஸ்வரமூர்த்தியின் முகம் தோப்புக்குத் தண்ணீர் பாய்ந்தது போல மலர்ந்தது. "பாத்தீங்களா, நாங்க கேக்கறதுக்கு முந்தியே மாப்பிள்ளை வாயால வந்திருச்சு! உப்புச் சர்க்கரைத் தட்ட எடுத்துட்டு வாங்க, இன்னைக்கே உறுதி பண்ணிக்கலாம்."

"மாமா, அது ஆயிரம் வருசத்துக்கு முந்தின அர்த்தமுங்க!"

"ஆயிரம் வருசமா இருக்கற அர்த்தத்த நாம எதுக்குங்க மாப்பிள்ளை மாத்தோணும்?"

உள்வாசலில் நின்ற மோனிஷா, "நல்ல பாசைங்கப்பா, அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

தங்கதுரை இப்போது மடத்துக்குளத்தில் இருக்கிறார். தேங்காய் எண்ணுகிறவர்களிடம் 'கோகனட்' பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. வேலாத்தாள் மாதம் ஒருமுறை வந்து, சம்பந்தி வீட்டு மோரைக் குடித்துவிட்டு, மகனை முறைத்துவிட்டுப் போகிறார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் நடுவில் எங்கேயோ, ஹூஸ்போண்டி என்று நிஜமாகவே ஒரு சொல் இருந்திருக்குமா என்று உங்கள் மனம் குனிந்து ஒரு பிடி மண்ணைக் கிளறவில்லையா? கிளறியதா? அப்படியானால் வாயைத் திறப்பதற்கு முன் எதிரே உட்கார்ந்திருப்பவர் யார், அவருக்கு எத்தனை ஏக்கர் என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.