வால் வரும் வரை

ஆற்றங்கரைக்கு வந்து, சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு, அன்றைக்கு முதல்முறையாக லீடர் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவருமில்லை.

மரங்கள் இருந்தன. ஈரமான மண்பாதை இருந்தது. அதில் அவருடைய டயர்த் தடம் மட்டும் வளைந்து வளைந்து வந்து அவர் காலடியில் முடிந்தது.

"நீங்க ஒருத்தர்தானா?" என்றார் படகுக்காரர்.

"குரூப் பின்னாடி வருது."

படகுக்காரர் கழுத்தை நீட்டிப் பாதையைப் பார்த்தார். "எவ்ளோ பின்னாடி?"

அக்கரையில்தான் அன்றைக்குத் தங்கும் விடுதி. இருட்டிவிட்டால் படகை எடுக்க மாட்டேன் என்று படகுக்காரர் முன்கூட்டியே கறாராகச் சொல்லியிருந்தார். வானம் வேறு மூடிக்கொண்டு வந்தது.

அந்தச் சைக்கிள் சுற்றுலா கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு. காட்டுப்பாதை எங்கெல்லாம் பிரிகிறதோ, அங்கெல்லாம் லீடர் தனக்கு நேர் பின்னால் வருகிறவரை நிறுத்திவிட வேண்டும். நிற்கிறவர் கையை நீட்டி, வருகிறவர்களுக்கு வழி காட்டுவார். எல்லாருக்கும் கடைசியில் 'வால்' வருவான். வால் என்பவன் கம்பெனி ஆள், மஞ்சள் சட்டை போட்டவன். அவன் வந்ததும் நிற்கிறவர் கிளம்பிவிடலாம். தலை முன்னால், வால் பின்னால், நடுவில் யாரும் தொலைய வழியில்லை.

நம் லீடர் இதில் ஒரு படி மேலே போனவர். பாதை பிரியும் இடம் வந்தால் இடது கையைத் தூக்குவார், தரையைக் காட்டுவார், ஒரு அதட்டல் போடுவார், மிதித்துக்கொண்டே போய்விடுவார். "திரும்பிப் பார்க்கிறவன் லீடரே இல்லை" என்பது அவர் கொள்கை. போன மாதம் வரை பட்டறையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று பதவி கிடைத்தால் இப்படிக் கொள்கைகள் முளைப்பது சகஜம்தான்.

வால் யார் என்பதில்தான் வில்லங்கம். அது அவருடைய மச்சான், பெண்டாட்டியின் தம்பி. "என் தம்பிக்கு ஒரு வேலை வாங்கித் தராத நீங்க எல்லாம் என்ன லீடரு?" என்று வீட்டில் தினமும் அர்ச்சனை நடந்ததால், முதலாளியம்மாவின் காலில் விழாத குறையாகக் கேட்டு அவனைச் சேர்த்துவிட்டிருந்தார். உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடும் பிள்ளை. நேற்று சாயங்காலம் டயருக்குக் காற்றடிக்கும்போதே கண் சொருகினான்.

"எங்கேயோ மரத்தடியில குறட்டை விட்டுக்கிட்டு இருக்கான்" என்று பல்லைக் கடித்தார் லீடர்.

பள்ளத்தாக்கில் செல்போன் எடுக்காது. படகுக்காரரின் கொட்டகையில் ஒரு பழைய தொலைபேசி இருந்தது. கம்பெனிக்கு அடித்தார். எடுத்தது முதலாளியம்மா.

"மேடம், ஒரு சின்ன தாமதம்..."

"எத்தனை பேரு உன்கூட இருக்காங்க?"

"படகுக்காரர் இருக்காரு மேடம்."

முதலாளியம்மா நிதானமாகப் பேசினார். அவர் கத்தினால்கூட லீடர் தாங்கிக்கொள்வார், நிதானம்தான் ஆளைக் கொல்லும்.

"நான் வேன் எடுத்துக்கிட்டு ரோடு வழியா வர்றேன். ஒரு கஸ்டமருக்கு ஒரு கீறல் விழுந்திருக்கக் கூடாது. இன்னைக்கு யாரு தப்பு பண்ணினாங்களோ, அவங்களுக்கு நாளையிலிருந்து வேலை கிடையாது. யாருன்னு இப்பவே சொல்லு."

லீடர் யோசித்தார். மச்சானைக் காட்டிக்கொடுத்தால் வீட்டில் ஒரு மாதம் சோறு கிடைக்காது. கொடுக்காவிட்டால் எந்த மாதமும் கிடைக்காது.

"என் மச்சான் மேடம்" என்றார்.

ரிசீவரை வைத்ததும் சைக்கிளைத் திருப்பினார். இறங்கும்போது சுகமாக இருந்த மலைப்பாதை, ஏறும்போது தன் புத்தியைக் காட்டியது.

முதலில் வந்தது கடைசிப் பிரிவு, சுற்றுலாவுக்கு வந்த வக்கீலம்மாவை நிறுத்தியிருந்த இடம். ஒரு கை நதியைக் காட்டியபடி நீட்டியிருக்க, மறு கையால் கொசு அடித்துக்கொண்டிருந்தார்.

"மஞ்சள் சட்டை யாராவது வந்தாங்களா மேடம்?"

"ஒரு குரங்கு வந்துச்சு. என் பிஸ்கட்டை வாங்கிட்டுப் போச்சு. சட்டை போடலை."

"சரி, நீங்க கீழே போய்ப் படகுல உட்காருங்க."

வக்கீலம்மா அசையவில்லை. "வால் வராம நகர்ந்தா கம்பெனி பொறுப்பில்லைன்னு காலையில எங்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்கீங்க. இப்ப நகரச் சொல்றீங்க. எழுத்துல கொடுங்க."

காட்டுக்கு நடுவில் காகிதத்துக்கு எங்கே போவது? குரங்கு போட்டுவிட்டுப் போன பிஸ்கட் உறையின் உட்பக்கத்தில், வக்கீலம்மா சொல்லச் சொல்ல லீடர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'நடக்கும் அனைத்துக்கும் நானே முழுப் பொறுப்பு' என்ற இடத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது. வக்கீலம்மா அதை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த பிரிவில் புதுப்பெண். கல்யாணமாகி ஒரு வாரம்தான். முகம் சிவந்திருந்தது, வெயிலால் அல்ல.

"அவரை எங்கே விட்டீங்க?"

"இதுக்கு முந்தின பிரிவுலம்மா."

"தேனிலவுக்கு வந்தவங்களை ஆளுக்கொரு மூலையில நிறுத்தி வெச்சிருக்கீங்களே, உங்களுக்கு நல்லா இருக்கா? பொண்டாட்டி பிள்ளை இல்லையா உங்களுக்கு?"

"பொண்டாட்டியோட தம்பி இருக்கான்மா. அதான் பிரச்சினையே."

அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போகப் பார்த்தார். அவள் விடவில்லை, கூடவே கிளம்பிவிட்டாள். சரி, வரட்டும், புருஷனைப் பார்த்தால் அடங்குவாள் என்று நினைத்தார்.

போய்ப் பார்த்தால் புருஷன் இல்லை. அவன் சைக்கிள் மட்டும் பாறையில் சாய்ந்திருந்தது. கைப்பிடியில் ஹெல்மெட் ஆடிக்கொண்டிருந்தது.

"அய்யோ! ஏதோ மிருகம் இழுத்துட்டுப் போயிடுச்சு!"

"மிருகம் ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டிட்டா போகும்? அழாதீங்கம்மா!" என்றார் லீடர். அவருக்கே அழுகை முட்டிக்கொண்டு நின்றது. ஒரு கஸ்டமருக்கு ஒரு கீறல் விழக் கூடாது என்றார் முதலாளியம்மா. இங்கே ஒரு கஸ்டமரே முழுசாகக் காணோம்.

இருவரும் காட்டைப் பார்த்துக் கத்தினார்கள். கீழேயிருந்து பதில் குரல் வந்தது.

"கண்ணு! நீ எங்கே இருக்கே?"

"நீங்க எங்கே இருக்கீங்க?"

"நீ நிக்க வேண்டிய இடத்துல நான் நிக்கறேன்! மரத்துக்குள்ள குறுக்கே இறங்கி வந்தேன், உன்னைக் காணோம்!"

"நீங்க நிக்க வேண்டிய இடத்துல நான் நிக்கறேன்! மேலே வாங்க!"

"வால் வராம நகரக் கூடாதாமே!"

பெண் லீடரை ஒரு பார்வை பார்த்தாள். அவள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கீழே பாய்ந்தாள்.

ஒரு தொல்லை தீர்ந்தது என்று மூச்சு விடுவதற்குள் மேலேயிருந்து இன்ஜின் சத்தம். கம்பெனி வேன், சைக்கிள் மட்டும் போகக்கூடிய அந்தப் பாதையில், இரண்டு பக்கமும் கிளைகளை ஒடித்துக்கொண்டு இறங்கி வந்தது. லீடர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே முன்சக்கரம் சேற்றில் இறங்கி, வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

கதவைத் திறந்து முதலாளியம்மா இறங்கினார். முழங்கால் வரை சேறு.

"ரோடு வந்து சேர்ற இடத்துல ஒரு ஆளு ரொம்பக் கண்டிப்பா இந்தப் பக்கம்தான்னு கையைக் காட்டினாரே?"

லீடருக்குப் புரிந்துவிட்டது. அது பல் டாக்டர். இரண்டாவது பிரிவில் அவரை நிறுத்தியிருந்தார். வருகிறவர்களுக்கு வழி காட்டச் சொன்னால், அந்த மனுஷன் வேனுக்கும் சேர்த்துக் காட்டியிருக்கிறார்.

முதலாளியம்மா வேனைப் பார்த்துக்கொள்ளும்படி டிரைவரிடம் சொல்லிவிட்டு, மாப்பிள்ளைப் பையன் விட்டுப்போன சைக்கிளில் ஏறினார். "நட" என்றார். இருவரும் மேலே மிதித்தார்கள்.

பல் டாக்டர் மலர்ந்த முகத்தோடு நின்றிருந்தார். "ஒரு வேன், மாடு ஓட்டிக்கிட்டு ஒருத்தர், எல்லாரையும் கரெக்டா ஆத்துப் பக்கம் அனுப்பிட்டேன் லீடர்!"

"மஞ்சள் சட்டை?"

"வரலையே. அவர் வராம நான் எப்படி நகர்றது?"

மிச்சம் ஒரே ஒரு பிரிவுதான், முதல் பிரிவு. அதற்கு அப்பால் அவர்கள் காலையில் கிளம்பிய விடுதி. பாதையின் அந்தப் பகுதியில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் அதலபாதாளம். அடியில் ஆறு இரைந்துகொண்டிருந்தது. தூறல் வலுத்து மழையாகியிருந்தது.

"சோம்பேறி மேடம் அவன்" என்று ஆரம்பித்தார் லீடர். "சொன்னது எதையும் கேட்க மாட்டான். அவனைச் சேர்த்துவிட்டதுதான் நான் பண்ணின ஒரே தப்பு. தயவுதாட்சண்யம் பார்க்காதீங்க, இன்னைக்கே..."

பாதி வார்த்தையில் நின்றுவிட்டார். வளைவில் ஒரு டயர்த் தடம் பாதையை விட்டு விலகி, நேராக விளிம்புக்குப் போயிருந்தது.

லீடர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி, விளிம்பில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தார். கீழே நுரையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. 'தம்பியைப் பத்திரமா பார்த்துக்கோங்க' என்று பெண்டாட்டி காலையில் வாசலில் நின்று சொன்னாளே, அவளுக்கு என்ன பதில் சொல்வது? தூங்குமூஞ்சிதான். ஆனால் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் விடிய விடிய விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனும் அவன்தான்.

"மாப்ளே!" என்று அலறினார். "வேலை போனா போகட்டும்டா! நீ வந்துடுடா!"

வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்துவிட்ட பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "அது... என் தடம். போட்டோ எடுக்க அங்கே போய் நின்னேன்."

லீடர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழையில் நல்லவேளையாக எது என்னவென்று தெரியவில்லை.

வளைவைத் தாண்டியதும் முதல் பிரிவு. அங்கே மஞ்சள் சட்டை நின்றது.

மச்சான் தொப்பலாக நனைந்திருந்தான். தூங்கவில்லை. சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு நட்டுவைத்த கம்பம் மாதிரி நேராக நின்றான். ஒரு கை ஆற்றுப் பக்கம் நீண்டிருந்தது. இன்னொரு கையில் பிளாஸ்டிக் உறை சுற்றிய ஒரு சாப்பாட்டுப் பை, நனையாமல் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்த அடுத்த நொடி, லீடருக்குப் பாசம் வடிந்து ஆத்திரம் ஏறியது.

"அடப் பாவி! உன்னால எத்தனை பேரு நடுக்காட்டுல நிக்கறாங்க தெரியுமா? நீங்களே கேளுங்க மேடம், இவன் என்ன பதில் சொல்றான்னு பார்க்கறேன்!"

முதலாளியம்மா சேற்றுக் காலோடு அவன் முன்னால் போய் நின்றார். "கடைசியா வந்து எல்லாரையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போக வேண்டியவன் நீ. முதல் திருப்பத்துலயே ஏம்ப்பா நின்னுட்டே?"

மச்சான் நீட்டிய கையை இறக்கவில்லை. பையை மட்டும் மாமாவிடம் நீட்டிவிட்டுச் சொன்னான்:

"மாமா சாப்பாட்டை மறந்துட்டாரேன்னு குடுக்கறதுக்காக இவர் பின்னாலயே வேகமா வந்தேம்மா, திரும்பிக்கூடப் பார்க்காம, 'இங்கேயே நில்லு, வால் வர்ற வரைக்கும் நகரக் கூடாது'ன்னு சொல்லிட்டுப் போனாரு... நானும் காலையிலேருந்து பார்க்கறேன், இன்னும் வால் வரலையே!"